கடித்த நாய் யாருடையது?

நாய்க்கடிக்கு ஊசி இலவசம். போன கூலிக்கும் கிழிந்த சதைக்கும் பிள்ளையின் பயத்துக்கும் யாரிடம் கேட்பது? எப்படிக் கேட்பது?

காலை எட்டரை மணி. கொங்கு நாட்டு ஊர் ஒன்றின் அரசு மருத்துவமனை. நாய்க்கடி ஊசி போடும் அறைக்கு வெளியே எனக்கு முன்னால் ஒன்பது பேர். உணவு டெலிவரி செய்யும் இளைஞர் ஒருவர், பேன்ட்டின் இடது கால் முழங்காலுக்குக் கீழே கிழிந்து தொங்க, சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கிறார். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அவருக்குப் பின்னால் ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் பெரியவர். வேட்டியில் காய்ந்த ரத்தம். பாதி தன்னுடையது, பாதி ஆட்டுடையது என்கிறார்.

அவருக்கும் பின்னால், அப்பாவின் தோளில் தலை சாய்த்து ஏழு வயதுச் சிறுமி. இரட்டைப் பின்னல், பள்ளிச் சீருடை, ஒரு காலில் மட்டும் சாக்ஸ். மறு காலின் ஆடுசதையில் நான்கு பல் தடங்கள். நான்காவது தடம், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சதையைப் பிய்த்திருந்தது. அதன்மேல் மஞ்சள்பொடி அப்பியிருந்தது. பார்த்ததும் நர்ஸம்மா சத்தம் போட்டார்: "மஞ்சள் வெச்சது யாரு? குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு, பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அப்புறமா வாங்க."

நானும் வேடிக்கை பார்க்கப் போனவன் இல்லை. எங்கள் தெருமுனை வீட்டுக்காரர், "ஒண்ணும் பண்ணாதுங்க, நல்லாப் பழகும்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய நாய் என் கணுக்காலில் இரண்டு பல்லைப் பதித்துவிட்டது. இந்த வாரக் கட்டுரைக்கு ஆசிரியர் என் பெயரைச் சொன்னதற்கும் அதுதான் காரணம்.

தோலில் போடும் ஊசிக்கு நான்கு தேதிகள்: கடிபட்ட நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். ஒரே நாளில் கடிபட்டவர்கள் ஒரே நாளில்தான் திரும்பி வரவேண்டும். அப்படித்தான் நாங்கள் நால்வரும் திரும்பத் திரும்பச் சந்தித்தோம். முதல் நாளே சிறுமியின் அப்பா, தேதி எழுதிய சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கேட்டார்: "இன்னிக்கு ஒரு ஷிப்ட் போச்சுங்க. இன்னும் மூணு ஷிப்ட் போகும். இதை யாருகிட்டப் போய்க் கேக்கறது? தெருநாய்க்கு ஓனரா இருக்குது?"

இருக்கிறார். அவரை அடையும் வழிதான் நீளம்.

நாளுக்கு 1,300 பேர்

2024-ல் இந்தியா முழுவதும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம். நாள் கணக்கில் பார்த்தால் 1,300 பேருக்கு மேல். அதே ஆண்டில் மாநிலத்தில் 43 பேர் ரேபிஸுக்குப் பலியானார்கள். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து நம் மண்ணில் இதற்கு மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே கிடைக்கிறது. உயிரைக் காப்பாற்றும் வேலையை அரசு ஓரளவு ஒழுங்காகச் செய்கிறது. உயிர் தப்பியவரின் செலவையும் வலியையும் ஈடுகட்டும் வேலையில்தான் ஓட்டை.

நஷ்டஈடு கேட்டுப் போகிறவரிடம் சட்டம் கேட்கும் முதல் கேள்வி, "கடித்த நாய் யாருடையது?" அதற்கான பதிலைப் பொறுத்துப் பாதை இரண்டாகப் பிரிகிறது.

வீட்டு நாய் என்றால்...

என்னுடைய வழக்கு இந்தப் பாதை. நாய்க்கு வீடு இருக்கிறது, வீட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், ஆகவே பொறுப்பும் அவருடையது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு, தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரலாம் என்ற நிலையில் போதிய கவனம் எடுக்காதவரைத் தண்டிக்கிறது.

இந்தப் பிரிவைக் கூர்ந்து படித்தால் பலரும் கவனிக்காத ஒன்று புலப்படும். குற்றம் கடியில் இல்லை, கவனக்குறைவில்தான் இருக்கிறது. அதாவது, ஆளைக் கண்டால் பாயும் நாயைச் சங்கிலி இல்லாமல் அவிழ்த்துவிடுகிறவர்மீது, அது யாரையும் கடிப்பதற்கு முன்பே புகார் கொடுக்கலாம். "இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்லையே" என்பது அவருக்குச் சாதகமான வாதம்தான். ஆனாலும் திறந்து கிடந்த கேட்டும் கழற்றிவிட்ட சங்கிலியும் அதற்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

மும்பையில் 2010-ல் நடந்தது இது. சாலையோரத் தகராறின் நடுவே ஒருவர், காருக்குள் குரைத்துக்கொண்டிருந்த தன் ராட்வீலர் நாயைக் கதவைத் திறந்து வெளியே விட்டார். எதிரே நின்றிருந்த 72 வயதுப் பெரியவரை அது கடித்துக் குதறியது. உரிமையாளருக்கு மூன்று மாதச் சிறை என்று தீர்ப்பு வந்தது. வந்த ஆண்டு 2023. நாய்களின் ஆயுளைவிட நீளமான வழக்கு!

சென்னையில் 2024 மே மாதம், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. உரிமையாளர் கைதானார். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் தாக்கி ஒருவர் உயிரிழந்தார். அதன்பிறகு வளர்ப்பு நாய்களுக்கு 50 ரூபாய் உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்பதில் மாநகராட்சி முனைப்புக் காட்டத் தொடங்கியது. கடிபட்டவருக்கு இந்த உரிமம் ஒரு துருப்புச்சீட்டு. உரிமம் இருந்தால் நாய் யாருடையது என்ற கேள்விக்கு மாநகராட்சிப் பதிவேடே பதில் சொல்லும். உரிமம் இல்லை என்றால், அதுவே உரிமையாளரின் அலட்சியத்துக்கு முதல் அத்தாட்சி.

கிரிமினல் வழக்கு தண்டனைக்கானது. பணத்துக்கான வழி சிவில் கோர்ட். சிகிச்சைச் செலவு, இழந்த சம்பளம், கூட வந்தவரின் கூலி, தழும்பு, பின்னால் தேவைப்படும் அறுவை சிகிச்சை, வலியும் மனஉளைச்சலும் என்று தனித்தனித் தலைப்பில் கேட்கலாம். கிரிமினல் வழக்கில் தண்டனை வழங்கும் நீதிபதியும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்லலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 395-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது.

நடைமுறையில் பெரும்பாலான விவகாரங்கள் வக்கீல் நோட்டீஸோடு, சில நேரம் அதற்கும் முன்பே பேசி முடிகின்றன. என் விஷயமும் அப்படித்தான். மூன்றாம் நாள் மாலை, நாயின் தடுப்பூசி அட்டையோடு தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார் தெருமுனை வீட்டுக்காரர். மருந்துச் செலவைக் கொடுத்தார். சண்டை இல்லை. ஆனால் பிள்ளையின் முகத்தில் கடி, ஆழமான காயம் என்றால் இப்படி அவசரப்பட்டுப் பேசி முடிக்கக் கூடாது. தழும்பு எப்படி ஆறும் என்று தெரிய மாதங்கள் ஆகும். "இத்துடன் எல்லாம் தீர்ந்தது" என்ற தாளில் முதல் வாரத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து வரும் பிளாஸ்டிக் சர்ஜரி பில் உங்கள் தலையில்தான்.

வாசலில் 'நாய் ஜாக்கிரதை' பலகை இருந்தாலும் உரிமையாளர் தப்பித்துவிட முடியாது. ஆனால் நாயைச் சீண்டியவர், சுவர் ஏறிக் குதித்தவர் கேட்கும் தொகை குறையும், அல்லது கிடைக்காமலே போகும். சிறு பிள்ளைகளிடம் இந்த வாதம் அவ்வளவாக எடுபடாது.

> பெட்டி 1: எந்தப் பிரிவு, என்ன தண்டனை?
> (பாரதிய நியாய சன்ஹிதா)
>
> பிரிவு 291: வசமுள்ள விலங்கைக் கவனமின்றி விடுதல். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
>
> பிரிவு 125: பிறர் பாதுகாப்புக்கு ஆபத்தான அலட்சியச் செயல். காயம் ஏற்பட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். கொடுங்காயம் என்றால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். இரண்டு நிலையிலும் சிறை, அபராதம் இரண்டுமே விதிக்கப்படலாம்.
>
> பிரிவு 106: கவனக்குறைவால் மரணம். 5 ஆண்டு வரை சிறை, அபராதம்.
>
> பிரிவு 325: இது கடிபட்டவர் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆத்திரத்தில் நாயைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ 5 ஆண்டு வரை சிறை. நாயை 10 நாள் கண்காணிப்பது மருத்துவரீதியாகவும் முக்கியம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

தெருநாய் என்றால்...

சிறுமியின் அப்பா நின்ற பாதை இது. தெருநாய்க்குக் கழுத்துப்பட்டை இல்லை, ஆனால் சட்டப்படி பொறுப்பாளி உண்டு. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2023 மார்ச்சில் வந்த விலங்குகள் கருத்தடை விதிகள், தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் கடமையை உள்ளாட்சி அமைப்பின் தலையில் வைக்கின்றன. வெறிபிடித்ததாகச் சந்தேகிக்கும் நாயைத் தனிமைப்படுத்துவதும் நாய்க்கடிப் புகார்களை வாங்குவதும் அதே அமைப்பின் வேலை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதுவானாலும் உங்கள் வீட்டு வரியை யார் வாங்குகிறார்களோ அவர்களே தெருநாய்க்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள்.

கடமை தவறினால் பணம் கேட்க முடியுமா? முடியும். அரசின் தவறால் குடிமகனின் உயிர் வாழும் உரிமை பாதிக்கப்பட்டால் ரிட் மனுவிலேயே இழப்பீடு தரலாம் என்பதை 1993-ல் நிலாபதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அது காவல் மரண வழக்கு. அதே தத்துவத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாய்க்கடிபட்டவர்களும் உயர் நீதிமன்றக் கதவைத் தட்டுகிறார்கள்.

சிக்கல் நிரூபிப்பதில் இருக்கிறது. "எங்கள் ஊழியர்கள் கருத்தடை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்" என்று உள்ளாட்சி சொல்லும். இல்லை என்று காட்ட வேண்டியவர் கடிபட்டவர். அதற்கு 10 ரூபாயில் ஓர் ஆயுதம் இருக்கிறது: தகவல் அறியும் உரிமைச் சட்டம். "எங்கள் வார்டில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை நாய்களுக்குக் கருத்தடை, எத்தனைக்குத் தடுப்பூசி, இந்தத் தெருவிலிருந்து எத்தனை புகார்கள், ஒவ்வொன்றிலும் எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். அந்தப் பதிலில் ஒரு பூஜ்யம் இருந்தால், நூறு பக்க வாதத்துக்குச் சமம். கடிபடுவதற்கு முன்பே அந்தத் தெருவிலிருந்து யாராவது மனு கொடுத்திருந்தால் இன்னும் பலம். தெரிந்தும் சும்மா இருந்தார்கள் என்று அதுவே சொல்லிவிடும்.

பல் தடத்துக்குப் பத்தாயிரம்

இந்த நிரூபணச் சுமையை ஒரே தீர்ப்பில் இறக்கிவைத்தது பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம். 2023 நவம்பரில் 193 மனுக்களைச் சேர்த்து விசாரித்து அது சொன்ன கணக்கு எளிமையானது. ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தபட்சம் 10,000 ரூபாய். சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டர் காயத்துக்கும் குறைந்தபட்சம் 20,000 ரூபாய். விண்ணப்பத்தை மாவட்ட அளவிலான குழு நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். பணத்தை முதலில் அரசு கொடுக்க வேண்டும். தவறு செய்த துறையிடமிருந்தோ நாயின் உரிமையாளரிடமிருந்தோ அரசு பிறகு வசூலித்துக்கொள்ளலாம்.

சிறுமியின் காலை நினைத்துக்கொண்டு மருத்துவமனைப் பெஞ்சிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு தடங்களுக்கு 40,000. ஒரு சென்டிமீட்டர் கிழிசல் என்றால் ஐந்து 0.2. ஐந்தை இருபதாயிரத்தால் பெருக்கினால் ஒரு லட்சம். மொத்தம் 1,40,000 ரூபாய். லூதியானாவில் பிறந்திருந்தால் இது அவள் உரிமையோடு கேட்கும் தொகை. இங்கே இப்படி ஒரு வாய்பாடு கிடையாது. ஒவ்வொரு அப்பாவும் புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும்.

கேரளத்தில் 2016-லேயே உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி சிரி ஜெகன் தலைமையில் நாய்க்கடி இழப்பீட்டுக்கென ஒரு குழு அமைத்தது. கர்நாடக அரசு 2025 நவம்பரில் ஒரு தொகையை அறிவித்தது: தெருநாய் தாக்கி மரணம் என்றால் 5 லட்சம், காயம் என்றால் 5,000 ரூபாய். அந்த ஐயாயிரத்திலும் 3,500 தான் கடிபட்டவர் கைக்கு. மீதி 1,500 சிகிச்சைக்காக அரசு அறக்கட்டளைக்கு. பஞ்சாபில் ஒரு பல்லுக்குக் கிடைப்பதில் பாதி, பெங்களூரில் முழு வாய்க்கும்!

ஆட்டுக்கு ஆறாயிரம்

மூன்றாம் நாள் வரிசையில் பட்டிக்காரப் பெரியவர் சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை. இரவு ஒரு மணிக்குப் பட்டிக்குள் நாய்க் கூட்டம் புகுந்துவிட்டது. தடியோடு ஓடியவரின் தொடையில் கடி. "போன வருசம் செத்த ஆட்டுக்கு ஆறாயிரம் வந்துச்சுங்க. எனக்கு ஊசிதானுங்க வந்துச்சு."

அவர் சொன்ன தொகை சரிதான். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டி பட்டியாக ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்ததும் 2025-ன் தொடக்கத்தில் தமிழ்நாடே பார்த்தது. அரசு இறங்கி வந்தது. நாய் கடித்து மாடு இறந்தால் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 6,000, கோழிக்கு 200 என்று நிவாரணம் நிர்ணயித்தது. கால்நடை மருத்துவர் பரிசோதித்துச் சான்று கொடுப்பார், அதைவைத்து நிவாரணம்.

விவசாயி போராடிப் பெற்ற உரிமை அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது ஓர் உண்மையை அம்பலப்படுத்துகிறது. தெருநாய் செய்த சேதத்துக்கு அரசு பொறுப்பேற்க முடியும், தொகை நிர்ணயிக்க முடியும், கோர்ட்டுக்கு இழுக்காமல் கொடுக்கவும் முடியும். ஆட்டுக்குச் செய்ததை ஆடு மேய்த்தவருக்கும் செய்ய, தேவைப்படுவது இன்னொரு அரசாணை மட்டும்தான்.

உச்ச நீதிமன்றம் எங்கே நிற்கிறது?

2025 ஜூலை 28 அன்று நாய்க்கடி விவகாரத்தை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்தது. ஆகஸ்ட் 11 உத்தரவு தலைநகர் வட்டாரத்தின் தெருநாய்களை எல்லாம் காப்பகத்துக்கு அனுப்பச் சொன்னது. நாடே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிபிடித்தவையும் ஆக்ரோஷமானவையும் விதிவிலக்கு. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும் என்றும், அங்கேயே திரும்ப விடக்கூடாது என்றும் உத்தரவு.

கடிபட்டவருக்கு இதில் என்ன லாபம்? பள்ளி வாசலுக்குள்ளோ மருத்துவமனை வளாகத்திலோ கடி நேர்ந்தால், "இந்த உத்தரவுக்குப் பிறகும் நாய் உள்ளே எப்படி வந்தது?" என்று நேரடியாகக் கேட்கலாம். 2026 ஜனவரி விசாரணையில், நாய்க்கடிக்கு மாநில அரசுகள் பெரும் இழப்பீடு கட்ட நேரிடும் என்றும், தெருநாய்க்குச் சோறு போடுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்றும் நீதிபதிகள் வாய்மொழியாகச் சொன்னார்கள். வாய்மொழிக் கருத்தை வைத்துக்கொண்டு பணம் கேட்க முடியாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளலாம்.

காகிதம்தான் சாட்சி

காயம் ஆறிவிடும், நாய் இடம் மாறிவிடும், பார்த்தவர்கள் மறந்துவிடுவார்கள். கோர்ட்டில் கடைசிவரை நிற்பது காகிதம்தான். ஏழாம் நாள் சிறுமியின் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை வெளியே எடுத்தபோது, வியர்வையில் ஊறி மடிப்பில் கிழிந்திருந்தது. ஊசித் தேதி மட்டும் தெரிந்தது, 'நாய்க்கடி' என்ற சொல் கரைந்துபோயிருந்தது. அதுதான் அவர் கையில் இருந்த ஒரே ஆதாரம். அன்றே மருத்துவமனை அலுவலகத்தில் மறுநகல் கேட்டு எழுதிக்கொடுத்தோம். பக்கத்துக் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் கவர் வாங்கினோம்.

> பெட்டி 2: முதல் நாளில் செய்யவேண்டியவை
>
> 1. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம்.
> 2. அன்றே ஊசி. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. 'தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி' என்பது பழைய கதை.
> 3. கழுவுவதற்கு முன் ஒரு நொடியில் காயத்தைப் படம் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஆறும்வரை வாரம் ஒரு படம்.
> 4. 'நாய்க்கடி' என்று தெளிவாக எழுதிய ஓ.பி. சீட்டு வாங்குங்கள். ஆழமான காயம் என்றால் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி ஏ.ஆர். காப்பி கேளுங்கள்.
> 5. காவல் நிலையத்தில் புகார். எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.
> 6. பக்கத்துக் கடை, வீடுகளின் சிசிடிவி பதிவைக் கேளுங்கள். சில நாள்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.
> 7. கிழிந்த துணியைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். ஆட்டோச் செலவு, மருந்து பில், லீவு போட்டதற்கு முதலாளியின் கடிதம் எல்லாம் ஒரே கவரில்.

எந்தக் கதவைத் தட்டுவது?

*மனு.* முதலில் உள்ளாட்சி அலுவலகம். மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையருக்கு. பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. ஊராட்சி என்றால் தலைவருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும். நகல் கலெக்டருக்கு. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் எண்ணுடன் ரசீது கிடைக்கும். சென்னையில் 1913 என்ற எண்ணில் சொன்னாலும் புகார் எண் தருவார்கள். மனுவில் 'தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று மொட்டையாக முடிக்காமல், தொகையைக் குறிப்பிட்டு, தலைப்பு வாரியாகக் கணக்கு எழுதுங்கள்.

*ரிட் மனு.* மனுவுக்குப் பதில் இல்லை, அல்லது மறுப்பு என்றால் சென்னை உயர் நீதிமன்றம் அல்லது மதுரைக் கிளை. நடந்தது எல்லாம் காகிதத்தில் தெளிவாக இருந்தால் இந்த வழி வேகமானது. 'நாயே கடிக்கவில்லை' என்று எதிர்த்தரப்பு மறுத்து, சாட்சி விசாரணை தேவைப்பட்டால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

*சிவில் வழக்கு.* வீட்டு நாய் என்றால் இதுதான் பிரதான வழி.

*இலவச வக்கீல்.* பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சட்ட உதவி உண்டு. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தரும் உரிமை இது. கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100. சிறுமியின் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "வக்கீலுக்குக் காசில்லாமயா?" என்று இரண்டு முறை கேட்டார். கடிபட்டது குழந்தை என்பதாலேயே அவருக்கு அந்த உரிமை உண்டு.

> பெட்டி 3: காலக்கெடு
>
> • காயத்துக்கு இழப்பீடு கேட்கும் சிவில் வழக்கு: பொதுவாக 3 ஆண்டு.
> • மரணம் என்றால் குடும்பத்தார் போடும் வழக்கு: 2 ஆண்டு.
> • அரசின்மீது சிவில் வழக்குப் போட 2 மாத முன்னறிவிப்பு நோட்டீஸ் தேவை.
> • உள்ளாட்சி போன்ற அமைப்புகள்மீது வழக்கு என்றால், சட்டக் கடமை சார்ந்த செயலுக்கு ஓராண்டுதான் கெடு என்ற வாதம் எழலாம். ஓராண்டுக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு.
> • ரிட் மனுவுக்கு நாள் கணக்கு இல்லை. ஆனால் தாமதம் ஏன் என்று கேட்பார்கள்.

வேலை நேரத்தில் கடித்தால்

டெலிவரி இளைஞரின் கதை மூன்றாவது வகை. தபால்காரர், மின் கணக்கெடுப்பவர், கேஸ் சிலிண்டர் போடுபவர், தூய்மைப் பணியாளர் எல்லோருமே வேலையால்தான் நாய் இருக்கும் வாசலுக்குப் போகிறார்கள். வேலை காரணமாக, வேலை நேரத்தில் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பு என்பது 1923-லிருந்து இந்தியச் சட்டத்தில் இருக்கும் கொள்கை. இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர் என்றால், பணிக் காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதவிகிதம் கேட்கலாம். 'நாய் கடிச்சதுக்குமா?' என்று யோசித்துப் பலர் கேட்பதே இல்லை.

ஆப் வழியாக வேலை செய்கிறவர்கள் 'ஊழியர்' இல்லை, 'பார்ட்னர்'. அந்த ஒற்றைச் சொல்லில் இந்த உரிமைகள் கழன்றுபோகின்றன. நிறுவனம் எடுத்துவைத்திருக்கும் குழுக் காப்பீடு ஏதாவது இருக்கிறதா என்று ஆப்பில் தேடிப்பார்ப்பது ஒன்றே உடனடி வழி. அந்த இளைஞர் மூன்றாம் நாள் வந்தார், ஏழாம் நாள் வரவில்லை. அன்று ஆர்டர் அதிகமாம். மறுநாள் போட்டுக்கொண்டாராம். ஊசியைத் தள்ளிப்போடுவதன் ஆபத்தை நர்ஸம்மா அவருக்குப் பாடமே எடுத்தார்.

கடிக்காமலே காயப்படுத்தும் நாய்களும் உண்டு. வண்டியைத் துரத்தும், குறுக்கே பாயும், பின்னால் உட்கார்ந்திருப்பவர் தூக்கி எறியப்படுவார். இதிலும் கேள்வி அதேதான்: நாய் யாருடையது? பஞ்சாப் தீர்ப்பு, தெருவில் திரியும் கால்நடைகளால் வரும் விபத்துகளையும் சேர்த்தே இழப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. கூடவே உங்கள் வண்டியின் காப்பீட்டையும் பாருங்கள். உரிமையாளரே ஓட்டிச் சென்று மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் 15 லட்சம் ரூபாய் வரை தரும் தனிநபர் விபத்துக் காப்பு அதில் இருக்கலாம். எதிரே மோதிய வண்டி எதுவும் இருக்கவேண்டியதில்லை.

சோறு போடுகிறவர், கல் எறிகிறவர்

நாய்க்கடியைப் பேசினால் தெரு இரண்டு கட்சியாகிவிடுகிறது. சோறு போடுகிறவர்களைக் குற்றவாளி ஆக்குவதால் கடி குறையாது. கல் எறிவதாலும் குறையாது. பசியும் பயமும் கொண்ட நாய்தான் அதிகம் பாயும். 2023 விதிகளே, பிள்ளைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாசல் இவற்றைத் தவிர்த்து உணவிடும் இடத்தைக் குறிக்கச் சொல்கின்றன. 2024 கணக்கெடுப்பில் சென்னையில் மட்டும் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். அத்தனையையும் அடைத்துவைக்க இடமும் இல்லை, பணமும் இல்லை. ஒழுங்காக நடக்கும் கருத்தடையும் தடுப்பூசியும்தான் மிச்சமிருக்கும் வழி.

இழப்பீடு அந்த வேலையை நடக்கவைக்கும் கருவி. ஒரு கடிக்கு ஒரு லட்சம் கட்ட வேண்டும் என்றால், கருத்தடைக்குப் பணம் ஒதுக்குவது லாபம் என்று எந்தக் கணக்கு அதிகாரிக்கும் புரிந்துவிடும். இன்றைக்குக் கடிக்கான செலவு முழுவதையும் கடிபட்டவரே ஏற்றுக்கொள்கிறார். அதனால்தான் யாருக்கும் அவசரமில்லை.

இருபத்தெட்டாம் நாள்

கடைசி ஊசி. சிறுமியின் காலில் காயம் ஆறி, ஒரு சென்டிமீட்டருக்கு வெளிறிய கோடு. இப்போது இரண்டு காலிலும் சாக்ஸ். பள்ளிக்கு மட்டும் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாளாம். அந்தச் சுற்றுக்கு எந்த வாய்பாட்டில் தொகை போடுவது?

அப்பாவின் கையில் அந்தப் பத்து ரூபாய் பிளாஸ்டிக் கவர். உள்ளே ஓ.பி. சீட்டின் மறுநகல், ஊசி அட்டை, சி.எஸ்.ஆர்., நான்கு போட்டோ, பனியன் கம்பெனி கொடுத்த லீவு கடிதம். எல்லாவற்றுக்கும் மேலே திங்கள்கிழமை வாங்கிய மனு ரசீது. மனு வாங்கியவர் நிமிர்ந்து பார்த்து, "எந்த நாய்? யாரு வீட்டு நாய்?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"உங்க நாய்தானுங்கன்னு சொன்னேன்."

ரசீது எண்ணை என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.